வலைத்தளத்தைச் சந்தைப்படுத்தல் தானியங்கிச் சேவையுடன் பிளகின் வழியாக இணைக்கும் முறை

ஏபிஐ கீயை (தளமும் மடல்களைத் தானாக அனுப்பும் சேவையும் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் ரகசியச் சாவியை) ஒட்டிச் சேமித்ததும் பிளகினின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் மென்பொருளின்) பக்கத்தில் பச்சை நிறத்தில் 'இணைக்கப்பட்டது' என்று வரும். பலர் அந்த இடத்திலேயே வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். நம் தளம் கொடுத்த சாவியைச் சேவை ஏற்றுக்கொண்டது என்பதற்கு மேல் அந்தப் பச்சை எழுத்து எதையும் சொல்வதில்லை. படிவத்தில் ஒருவர் எழுதிய முகவரி சரியான பட்டியலுக்குப் போகிறதா, அவருடைய பெயர் பெயருக்குரிய புலத்தில் விழுகிறதா, அவருக்கான முதல் மடல் கிளம்புகிறதா, கிளம்பிய மடல் இன்பாக்ஸை அடைகிறதா, வேண்டாம் என்று அவர் விலகினால் அந்த விலகல் எல்லா இடத்திலும் மதிக்கப்படுகிறதா என்பவை அனைத்தும் அதற்குப் பிறகு இருக்கும் வேலைகள். ஒரே ஒரு முகவரி இந்த முழுச் சுற்றையும் முடிப்பதை நம் கண்ணால் பார்த்த பிறகுதான் தளம் இணைந்துவிட்டது என்று சொல்ல முடியும். கீழே வருபவை ஏறத்தாழ அந்தச் சுற்றின் வரிசையிலேயே அமைந்துள்ளன. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மெயில்சிம்ப், ஹப்ஸ்பாட், பிரெவோ, ஆக்டிவ்கேம்பெயின், மாட்டிக் ஆகிய சேவைகளைத் தேவையான இடங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

பிளகின் செய்யும் மூன்று வேலைகள்

இத்தகைய பிளகின்கள் பொதுவாக மூன்று வேலைகளைச் செய்கின்றன. முதலாவது, படிவத்தில் நிரப்பப்பட்ட விவரங்களை ஏபிஐ வழியாகச் சேவையின் தொடர்புப் பட்டியலுக்கு அனுப்புவது. இரண்டாவது, தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கண்காணிப்பு நிரலைச் சேர்த்து, வருகையாளர் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார் என்பதைச் சேவைக்குத் தெரிவிப்பது. மூன்றாவது, தளத்தில் ஏற்கெனவே இருக்கும் பயனர்களையும் ஆர்டர்களையும் சேவையுடன் ஒத்திசைப்பது. எல்லாப் பிளகின்களும் மூன்றையும் செய்வதில்லை. மாட்டிக்கின் வேர்ட்பிரஸ் பிளகினுக்கு ஏபிஐ கீ கூடத் தேவையில்லை. மாட்டிக் நிறுவப்பட்டிருக்கும் முகவரியைக் கொடுத்தால் அது கண்காணிப்பு நிரலைப் பக்கங்களில் சேர்க்கிறது, மாட்டிக்கில் உருவாக்கிய படிவங்களை ஷார்ட்கோடு எனும் சிறு குறியீடு மூலம் பக்கத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான். ஹப்ஸ்பாட்டின் பிளகினோ படிவம், கண்காணிப்பு, தொடர்புகள் என எல்லாவற்றையும் வேர்ட்பிரஸ் நிர்வாகப் பலகைக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது. எனவே பிளகினைத் தேடுவதற்கு முன்பு, இந்த மூன்றில் எது நமக்கு வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். செய்திமடலுக்கு முகவரி சேகரிப்பது மட்டுமே தேவை என்றால் மற்ற இரண்டையும் அணைத்தே வைப்பது நல்லது. தேவையில்லாமல் சேகரித்த தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பும் நம்முடையதுதான்.

ஒரே சேவைக்குப் பல பிளகின்கள் இருப்பதுண்டு. மெயில்சிம்ப்புக்காகப் பரவலாகப் பயன்படுத்தப்படும் பிளகின்களில் ஒன்று மெயில்சிம்ப் நிறுவனம் உருவாக்கியதே அன்று. வேறொரு குழு உருவாக்கியது. இது குறையாகாது. யார் உருவாக்கினார்கள் என்பதைவிட, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, நம்மிடம் உள்ள வேர்ட்பிரஸ் பதிப்புடன் சோதிக்கப்பட்டதா, உதவிக் கேள்விகளுக்குப் பதில் வருகிறதா என்பனவே முக்கியம். ஏற்கெனவே ஒரு படிவப் பிளகின் தளத்தில் இருந்தால், அதிலேயே தேவையான இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடுத்துக்காட்டாக, காண்டாக்ட் ஃபார்ம் 7 பிளகினுக்குள்ளேயே பிரெவோவுடன் இணைக்கும் வசதி உண்டு. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பிளகின்களை ஒருசேர இயக்குவதுதான் பிற்காலத்தில் அதிகத் தொல்லை தருவது. ஒரு வருகை இரண்டாகப் பதிவாகும். ஒருவருக்கு இரண்டு வரவேற்பு மடல்கள் போகும். எது எதை அனுப்பியது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு நாள் ஆகிவிடும்.

நிறுவுவதற்கு முன்பு

முதல் வேலை காப்பு நகல் எடுப்பது. அது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, சேவையின் பக்கத்தில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் தானியங்கி மடல்கள் அனைத்தையும் நிறுத்திவைப்பது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் வருத்தமானது. ஒரு விற்பனைத் தளத்தை இணைக்கும் பணியில், பட்டியலில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் வரவேற்பு மடல் போக வேண்டும் என்ற தானியங்கியை முதலில் அமைத்துவிட்டு, பிறகு பிளகினை இயக்கினேன். பிளகின் இயங்கிய கணத்திலேயே பழைய வாடிக்கையாளர்களின் பதிவுகளைப் பின்னணியில் ஒத்திசைக்கத் தொடங்கியது. சேவையின் பார்வையில் அவர்கள் அனைவரும் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர்கள். பல ஆண்டுகளாகப் பொருள் வாங்கிவந்தவர்களுக்கும், ஒருமுறை வாங்கிவிட்டு நகர்ந்துவிட்டவர்களுக்கும் 'எங்களுடன் இணைந்ததற்கு நன்றி' என்ற மடல் போய்ச் சேர்ந்தது. சிலர் கோபமாகப் பதில் எழுதினார்கள். சிலர் மடலை ஸ்பேம் என்று குறித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து எந்தத் தளத்தை இணைத்தாலும் தானியங்கிகளை நிறுத்திவைத்துவிட்டே தொடங்குகிறேன். ஒத்திசைவு முழுவதும் முடிந்து, வந்திருக்கும் தொடர்புகளைப் பார்வையிட்ட பின்னரே அவற்றை ஒவ்வொன்றாக இயக்குகிறேன்.

இயன்றால் முதலில் சோதனைத் தளத்தில் செய்து பாருங்கள். ஆனால் அங்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. உண்மைத் தளத்தை நகலெடுத்துச் சோதனைத் தளம் உருவாக்கும்போது பிளகினின் அமைப்புகளும் சாவியும் சேர்ந்தே நகலாகின்றன. அப்படியே விட்டால் சோதனைக்காக நாம் தட்டும் பொய்ப் பெயர்களும் போலி ஆர்டர்களும் உண்மையான பட்டியலுக்குள் போய் விழும். நகலெடுத்த உடனேயே சோதனைத் தளத்தில் இணைப்பைத் துண்டித்து, சோதனைக்கென்று தனியாக உருவாக்கிய பட்டியலுடன் இணைக்க வேண்டும்.

ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதி வைத்துக்கொண்டால் பிறகு வரும் திரைகளில் தடுமாற வேண்டியிருக்காது. எந்தப் படிவம், அதில் எந்தெந்தப் புலங்கள், அவை சேவையில் எந்தப் பட்டியலின் எந்தப் புலங்களுக்குப் போகின்றன, போனவுடன் என்ன நடக்க வேண்டும். ஒரு தளத்தில் மூன்று படிவங்கள் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாக இதை எழுத வேண்டும்.

சாவியும் அனுமதியும்

பிளகினை நிறுவி இயக்கியதும் அது இரண்டு வழிகளில் ஒன்றைக் கேட்கும். ஒன்று, சேவையின் தளத்தில் உள்நுழைந்து 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும்; ஹப்ஸ்பாட் இந்த முறையில் இயங்குகிறது. அதன் பழைய ஏபிஐ கீ முறை 2022 நவம்பர் 30 அன்று முடிவுக்கு வந்தது. ஆகவே ஹப்ஸ்பாட் கீயை எடுத்து ஒட்டச் சொல்லும் வழிகாட்டி எதையாவது பார்த்தால் அது காலாவதியானது என்று அறியலாம். மற்றொன்று, சேவையின் கணக்கில் ஏபிஐ கீயை உருவாக்கி, அதை நகலெடுத்துப் பிளகினில் ஒட்டும் முறை. ஆக்டிவ்கேம்பெயினில் செட்டிங்ஸ் பகுதியில் டெவலப்பர் என்ற இடத்தில் கீயும் கணக்கின் ஏபிஐ முகவரியும் இருக்கும். இரண்டையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். மெயில்சிம்ப் கீயின் கடைசியில் ஒரு சிறு கோடும், அதன்பின் இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அது அலங்காரத்துக்கு இருப்பதன்று. நம் கணக்கு எந்தத் தரவு மையத்தில் இருக்கிறது என்பதைப் பிளகின் அந்த எண்ணிலிருந்துதான் அறிகிறது. சுட்டியால் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும்போது கோட்டுக்குப் பின்னால் இருப்பது விடுபட்டுப் போகக்கூடும். கீயின் முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவதும் அடிக்கடி நடப்பதே. சாவி சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஏற்க மறுக்கிறது என்று குழம்புபவர்கள் இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

பல சேவைகள் கீயை உருவாக்கும் கணத்தில் ஒருமுறை மட்டுமே முழுமையாகக் காட்டுகின்றன. ஆகவே உடனே கடவுச்சொல் மேலாளரில் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கீ உருவாக்கி, எந்தத் தளத்துக்கு என்று பெயரிட்டு வையுங்கள். ஒரு தளத்தில் ஊடுருவல் நடந்தால் அந்த ஒரு கீயை மட்டும் ரத்துசெய்தால் போதும், மற்றவை பாதிக்கப்படாது. கீ என்பது கடவுச்சொல்லுக்குச் சமமானது. அது யாரிடம் இருக்கிறதோ அவரால் நம் பட்டியலில் உள்ள எல்லா முகவரிகளையும் படிக்க முடியும். அதை மின்னஞ்சலிலோ அரட்டைச் செயலியிலோ அனுப்பக் கூடாது. பெரும்பாலான பிளகின்கள் கீயைத் தளத்தின் தரவுத்தளத்தில்தான் வைக்கின்றன. தரவுத்தளத்தின் நகலை யாருக்காவது கொடுத்தால் கீயையும் கொடுத்ததாகவே பொருள். சில பிளகின்கள், வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் கீயை எழுதிவைக்கவும் இடமளிக்கின்றன. அந்த வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அனுமதிப் பொத்தான் முறையில் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே இணைப்பு ஒரு மனிதரின் கணக்கோடு கட்டப்படுகிறது. பணியாளர் ஒருவர் தம்முடைய கணக்கில் உள்நுழைந்து இணைத்துவிட்டு, பிறகு வேலையை விட்டுச் சென்றால், அவருடைய கணக்கை நீக்கும் நாளில் இணைப்பும் அறுந்துபோகக்கூடும். நிறுவனத்தின் பொதுக் கணக்கு ஒன்றிலிருந்து இணைப்பதே சரி.

இந்தக் கட்டத்தில் வரும் பிழை எண்களை அஞ்ச வேண்டியதில்லை. அவை இடத்தைச் சுட்டிக்காட்டவே செய்கின்றன. 401 வந்தால் கீ தவறானது அல்லது ரத்தாகிவிட்டது. 403 வந்தால் கீ சரி, ஆனால் அதற்கு அந்த அனுமதி இல்லை, அல்லது நடுவில் ஒரு பாதுகாப்புச் சுவர் தடுக்கிறது. 404 என்றால் முகவரியோ பட்டியலின் அடையாள எண்ணோ தவறு. 429 என்றால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம், சற்றுப் பொறுக்க வேண்டும். எந்த எண்ணும் வராமல் நீண்ட நேரம் சுழன்றுவிட்டு நின்றால், தளம் இருக்கும் சர்வரிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு தடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

புலங்களைப் பொருத்துதல்

இணைப்பு வேலையில் அதிகக் கவனம் கேட்கும் இடம் இதுதான். படிவத்தில் 'பெயர்' என்று ஒரே பெட்டி இருக்கும். சேவையிலோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு புலங்கள் இருக்கும். பிளகின் சில வேளைகளில் முதல் இடைவெளியில் பெயரைத் தானாகவே வெட்டும். எல்லோருடைய பெயரும் அப்படி இரண்டாகப் பிரிவதில்லை. வெட்டப்பட்ட பெயரோடு ஒருவருக்கு மடல் போனால், தம்மை யாரென்றே அறியாதவர் எழுதியதாகத்தான் அவர் உணர்வார். என் பரிந்துரை, படிவத்தில் ஒரே பெட்டியை வைத்து, 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று கேட்டு, வருவதை அப்படியே முதற்பெயர்ப் புலத்தில் இடுவது. பெயரே எழுதாதவர்களுக்காக மடலின் வார்ப்புருவில் மாற்றுச் சொல் ஒன்றைக் கட்டாயம் கொடுத்துவைக்க வேண்டும். இல்லையென்றால் 'வணக்கம்' என்ற சொல்லுக்குப் பிறகு வெற்றிடமும் ஒரு காற்புள்ளியும் மட்டும் நிற்கும்.

தேதி, தொலைபேசி எண், தேர்வுப் பட்டியல் ஆகிய மூன்றும் பிழைக்கு இடம் தருபவை. படிவம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் அனுப்பி, சேவை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் எதிர்பார்த்தால் 12ஆம் தேதிக்குப் பிறகுள்ள தேதிகள் நிராகரிக்கப்படும். அதுவரை உள்ளவை பெரும்பாலும் தவறாகப் பதிவாகும். இரண்டாவதே கேடு அதிகமானது, ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டுடன் வாங்குவது பாதுகாப்பு. தேர்வுப் பட்டியலில் படிவத்தில் உள்ள சொல்லும் சேவையில் உள்ள சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

சேவையில் ஒரு புலம் 'கட்டாயம்' என்று குறிக்கப்பட்டு, படிவத்தில் அது இல்லாமல் போனால் முழுத் தொடர்புமே நிராகரிக்கப்படலாம். வருகையாளருக்கு 'நன்றி' என்ற செய்தி காட்டப்பட்டிருக்கும். பட்டியலில் அவர் இருக்க மாட்டார். மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறு எதையும் சேவையின் பக்கத்தில் கட்டாயமாக்காமல், கட்டாயம் தேவையெனில் அதைப் படிவத்தின் பக்கத்தில் வைப்பதே நல்ல வழக்கம்.

ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் மறுபடி படிவத்தை நிரப்பினால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். 'இருப்பவரைப் புதுப்பி' என்ற அமைப்பு அணைந்திருந்தால் அவருடைய புதிய விவரங்கள் ஏற்கப்படாது. இயங்கினால், இம்முறை அவர் வெறுமையாக விட்ட பெட்டி, முன்பு அவர் கொடுத்த தொலைபேசி எண்ணை அழித்துவிடலாம். எந்தப் பிளகின் எப்படி நடக்கிறது என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். சோதனையில் இதற்கும் ஒரு முறை ஒதுக்குங்கள்.

ஒப்புதல்

ஒருவர் பொருள் வாங்கினார் என்பதாலோ கேள்வி அனுப்பினார் என்பதாலோ அவர் விளம்பர மடலுக்குச் சம்மதித்ததாக ஆகாது. படிவத்தில் அதற்கென்று தனித் தேர்வுப்பெட்டி இருக்க வேண்டும். அது முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது; முன்கூட்டியே குறியிட்ட பெட்டி ஒப்புதலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, அந்த அளவுகோல் நியாயமானது. பெட்டிக்குப் பக்கத்தில் எழுதும் வாசகத்தில் என்ன அனுப்புவோம், ஏறத்தாழ எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புவோம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும். பெட்டியில் குறியிட்ட நேரத்தையும் எந்தப் படிவத்தில் என்பதையும் சேவையில் இரு புலங்களாகச் சேமித்து வைத்தால், நாளை யாராவது 'நான் எப்போது சம்மதித்தேன்?' என்று கேட்கும்போது நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

முகவரி கொடுத்தவருக்கு உறுதிப்படுத்தும் மடல் அனுப்பி, அதில் உள்ள இணைப்பைச் சொடுக்கிய பிறகே பட்டியலில் சேர்க்கும் இரட்டை ஒப்புதல் முறையை நான் எப்போதும் இயக்கியே வைக்கிறேன். சிலர் சொடுக்க மறந்துவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் தட்டச்சுப் பிழையான முகவரிகளும், தானியங்கி நிரல்கள் நிரப்பும் குப்பைகளும், ஒருவர் பெயரில் மற்றொருவர் செய்யும் பதிவுகளும் வாசலிலேயே நின்றுவிடும்.

கண்காணிப்பு நிரலும் கேஷும்

கண்காணிப்பு தேவை என்று முடிவு செய்தவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த நிரல் பக்கத்தில் ஒரே ஒருமுறை இருக்கிறதா என்பது. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமில் யாரோ முன்பு கையால் ஒட்டிய நிரல் இருக்கலாம். நிரல்களைப் பக்கங்களில் சேர்க்கும் டேக் மேனேஜர் என்ற கருவி வழியாகவும் சேர்க்கப்பட்டிருக்கலாம். இப்போது பிளகினும் சேர்க்கும். பக்கத்தின் மூல நிரலைத் திறந்து சேவையின் பெயரைத் தேடினால் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாட்டிக் பயன்படுத்துபவர்கள், அதன் அமைப்புகளில் அனுமதிக்கப்பட்ட டொமைன்களின் பட்டியலில் நம் தளத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் அந்தக் கோரிக்கையைத் தடுத்துவிடும். குக்கீ ஒப்புதல் கேட்கும் பட்டை தளத்தில் இருந்தால், வருகையாளர் சம்மதிக்கும் வரை இந்த நிரல் இயங்கக் கூடாது. பட்டையைக் காட்டிவிட்டு, பின்னால் நிரலை முன்கூட்டியே இயங்கவிடுவது வருகையாளரை ஏமாற்றுவதாகும்.

இணைத்த அன்று நன்றாக இயங்கிய படிவம் மறுநாள் இயங்காமல் போகும் ஒரு சிக்கலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குக் காரணம் கண்டுபிடிக்க மிகவும் கடினம். பல படிவங்கள், கோரிக்கை நம் தளத்திலிருந்துதான் வருகிறது என்பதை உறுதிசெய்ய நான்ஸ் எனப்படும் தற்காலிகக் குறியீடு ஒன்றைப் பக்கத்தில் வைக்கின்றன. வேர்ட்பிரஸில் அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். கேஷ் பிளகினோ நேற்று உருவாக்கிய பக்கத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு இன்றைய வருகையாளருக்கும் காட்டுகிறது. அந்தப் பக்கத்தில் இருக்கும் குறியீடு செத்துப்போன குறியீடு, படிவம் நிராகரிக்கப்படுகிறது. நாம் சோதிக்கும்போதோ நிர்வாகியாக உள்நுழைந்திருக்கிறோம். உள்நுழைந்தவர்களுக்குப் பெரும்பாலும் கேஷ் செய்த பக்கம் காட்டப்படுவதில்லை என்பதால், நமக்கு எல்லாம் சரியாகவே தெரியும். படிவம் இருக்கும் பக்கத்தைக் கேஷிலிருந்து விலக்குவது, அல்லது கேஷின் ஆயுளை 10 மணி நேரத்துக்குள் வைப்பது இதற்குத் தீர்வு. அதுபோலவே, பக்கத்தின் வேகத்தைக் கூட்டும் பிளகின்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போதும் தாமதப்படுத்தும்போதும் படிவத்தின் நிரலும் கண்காணிப்பு நிரலும் உடையலாம். அந்த இரண்டு கோப்புகளை அந்தப் பிளகின்களின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு முகவரியைப் பின்தொடர்தல்

இப்போது சோதனை. தானியங்கிகளில் இந்தப் படிவத்துக்குரிய ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு, பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, ஒரு வருகையாளரைப் போலத் தளத்தின் முகப்பிலிருந்தே தொடங்குங்கள். முடிந்தால் கைபேசியில், வீட்டு இணையத்தை விட்டு மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். ஜிமெயில் முகவரியில், அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதேனும் ஒரு சொல்லும் சேர்த்தால் மடல் அதே பெட்டிக்குத்தான் வரும். ஆனால் சேவைகள் பொதுவாக அதை வேறொரு முகவரியாகவே எடுத்துக்கொள்கின்றன. இப்படி எத்தனை சோதனை முகவரிகள் வேண்டுமானாலும் உருவாக்கலாம்.

படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். நன்றிச் செய்தி வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுதிப்படுத்தும் மடல் வரும் வரை காத்திருந்து, அது எந்தப் பெட்டியில் விழுந்தது, அனுப்புநராக எந்தப் பெயர் தெரிகிறது, பொருள் வரி கைபேசித் திரையில் எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். இணைப்பைச் சொடுக்கிய பிறகு சேவையின் கணக்கைத் திறந்து அந்தத் தொடர்பைத் தேடி எடுத்து, முன்பு எழுதிவைத்த தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு புலமாக ஒப்பிடுங்கள். பெயர் உள்ளதா, டேக் எனும் அடையாளச் சொல் ஒட்டியிருக்கிறதா, ஒப்புதல் நேரம் பதிவாகியிருக்கிறதா, எந்தத் தானியங்கிக்குள் அவர் நுழைந்திருக்கிறார்? அடுத்து வரவேற்பு மடலுக்குக் காத்திருங்கள். அது வந்ததும் அதில் உள்ள விலகல் இணைப்பைச் சொடுக்கி, சேவையில் அந்தத் தொடர்பின் நிலை மாறியதைப் பாருங்கள். அடுத்த மடல் அவருக்குப் போகாமல் நிற்கிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைசியாக, விலகிய அதே முகவரியோடு மறுபடி படிவத்தை நிரப்புங்கள். விலகிய ஒருவரை மறுபடி கேட்காமல் சேர்த்துவிடுகிறதா, உறுதி கேட்கிறதா என்பது இங்கேதான் தெரியும்.

சோதனை முகவரிகளை அப்புறப்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. மெயில்சிம்ப்பில் ஒரு தொடர்பை 'நிரந்தரமாக நீக்கு' என்று நீக்கினால், அதே முகவரியைப் பிறகு ஏபிஐ வழியாகவோ கோப்பு ஏற்றியோ மீண்டும் சேர்க்க இயலாது. நம்முடைய சொந்த முகவரியை அப்படி நீக்கிவிட்டு, பிளகின் இயங்கவில்லை என்று நாள் முழுவதும் தேடுவது வீண் உழைப்பு. ஆவணக் காப்பில் வைத்தால் போதும்.

மடல் இன்பாக்ஸை அடைவதற்கு

பிளகினில் எல்லாம் சரியாக இருந்தும் மடல் ஸ்பேம் பெட்டியில் விழுந்தால், பார்க்க வேண்டிய இடம் டொமைனின் (தளத்தின் இணையப் பெயரின்) விவரங்களைப் பொதுவில் வைக்கும் டிஎன்எஸ் பதிவுகள். நம் டொமைனின் பெயரில் இந்தச் சேவை மடல் அனுப்ப நாம் அனுமதித்திருக்கிறோம் என்பதை எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகள் உலகத்துக்குச் சொல்கின்றன. சேவையின் டொமைன் சரிபார்ப்புப் பக்கத்தில் கொடுத்திருக்கும் பதிவுகளை எழுத்துப் பிழையின்றி டிஎன்எஸ்ஸில் சேர்க்க வேண்டும். எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஏற்கெனவே ஒன்று இருந்தால் புதியதை இரண்டாவது வரியாகச் சேர்க்காமல், பழையதற்குள் இணைத்து எழுத வேண்டும். அந்தப் பதிவு 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் கோரினாலும் அது செல்லாததாகிவிடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கின. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோரை கூகுள் அந்த வகையில் சேர்க்கிறது. ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கேட்கிறது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்கிறது. அந்த அளவுக்குக் கீழே அனுப்புபவர்களும் இதைச் செய்துவைப்பதே நல்லது.

ஆர்டர் ரசீது, கடவுச்சொல் மாற்றம் போன்ற மடல்கள் இந்த வழியில் போவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அவற்றை வேர்ட்பிரஸே அனுப்புகிறது. வரவேற்பு மடல் ஒழுங்காக வருகிறது, ரசீது மட்டும் வரவில்லை என்றால் இந்தப் பிளகினைக் குடைவதில் பயனில்லை.

தானியங்கியின் நிபந்தனைகளை அமைக்கும்போது 'மடலைத் திறந்தால்' என்பதை நம்பி எதையும் கட்ட வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, அதை இயக்கியிருப்பவர்களுக்கு மடலின் படங்களை முன்கூட்டியே பின்னணியில் இறக்கிவிடுகிறது. அதனால் மடலைத் தொடாதவரும் திறந்தவராகக் கணக்கில் வருகிறார். இணைப்பைச் சொடுக்கியது, படிவம் நிரப்பியது, பொருள் வாங்கியது போன்ற செயல்களே நம்பத்தக்கவை.

ஒத்திசைவு தாமதமாகிறது என்றால், வேர்ட்பிரஸின் கால அட்டவணைப் பணிகள் யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் ஓடுகின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வருகை குறைந்த தளத்தில் அவை மணிக்கணக்கில் காத்திருக்கலாம். சர்வரின் க்ரான் வசதி மூலம் குறித்த இடைவெளியில் இயக்கினால் சரியாகும். மாட்டிக்கைச் சொந்த சர்வரில் வைத்திருப்பவர்கள், பிரிவுகளைப் புதுப்பிப்பது, பிரச்சாரங்களைப் புதுப்பிப்பது, பிரச்சாரச் செயல்களைத் தூண்டுவது ஆகிய மூன்று க்ரான் கட்டளைகளையும் அமைத்தாக வேண்டும். அவை இல்லாமல் தொடர்புகள் வந்து சேரும். மடல் மட்டும் கிளம்பாது.

மாதம் ஒருமுறை புதிய சோதனை முகவரி ஒன்றை இதே வழியில் அனுப்பிப் பாருங்கள். வேர்ட்பிரஸ், தீம், கேஷ் பிளகின் ஆகியவற்றில் எது புதுப்பிக்கப்பட்டாலும் அன்றே அனுப்பிப் பாருங்கள். சேவையை மாற்றும் நாள் வந்தால், வேர்ட்பிரஸில் பிளகினை நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். பிளகின் போனாலும் கீ சேவையின் பக்கத்தில் உயிரோடுதான் இருக்கும். பழைய காப்பு நகல்கள் ஒவ்வொன்றிலும் அதன் பிரதி இருக்கும். சேவையின் கணக்கில் உள்நுழைந்து அந்தக் கீயை ரத்துசெய்து, விலகியவர்களின் பட்டியலைத் தனிக் கோப்பாக இறக்கி, புதிய சேவையில் வேறு எந்த முகவரியையும் ஏற்றுவதற்கு முன்பு அந்தக் கோப்பை 'அனுப்பக் கூடாதவர்கள்' என்ற நிலையில் ஏற்றுங்கள்.